புவியியல் ரீச்சர்

மரண அறிவித்தல்களுக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. பிறந்த இடம், வசித்த இடம், இன்னாரின் மகள், இன்னாரின் அன்பு மனைவி, பாசமிகு தாயார், மாமியார், அம்மம்மா என்று வரிசையாகப் போகும். ரீச்சருடைய அறிவித்தலும் அப்படித்தான் வந்தது, ‘ஓய்வுபெற்ற ஆசிரியை’ என்ற ஒரு வரியும் சேர்த்து. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டு மண்ணெண்ணெயில் படித்துப் பாஸ் பண்ணிய நாங்கள் அந்த வரிசையில் எங்கே வருவோம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவில் இருந்து கட்டுரை கேட்டார்கள்.

பெயர் சொல்லத் தேவையில்லை. எங்கள் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் ‘புவியியல் ரீச்சர்’ என்றால் ஒருவர்தான். நீலக்கரைச் சேலை, கைப்பிடி உடைந்த குடை, சோக்கட்டித் தூள் படிந்த வலக்கைச் சுட்டுவிரல்.

இலங்கைப் படத்தை அவர் கரும்பலகையில் வரைவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பருத்தித்துறையில் சோக்கை வைத்தால் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையால் இறங்கி, தெய்வேந்திர முனையில் வளைந்து, காலி, கொழும்பு, புத்தளம், மன்னார் என்று ஏறித் திரும்பப் பருத்தித்துறைக்கே வந்து முட்டும்வரை கையை எடுக்கமாட்டார். அதற்குப் பிறகுதான் தீவுகள். 1990க்குப் பிறகு தீவுப்பகுதியில் இருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர் இருந்தார்கள். புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று ஒவ்வொன்றாகப் போட்டு, “இது ஆற்றை ஊர், கையை உயர்த்தும் பாப்பம்” என்பார். ஊரை விட்டு வந்து பின்வாங்கில் வாய் திறக்காமல் இருந்த பிள்ளை அன்றைக்குத்தான் கை உயர்த்தும். பாடப்புத்தகத்தில் அந்தத் தீவுகளுக்கு ஒரு புள்ளி அளவு இடம்கூட இல்லை, ரீச்சர் அவற்றை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாகவே போடுவார். அளவுத்திட்டம் பிழை என்று யாராவது சொன்னால், “ஓம், பிழைதான், நீர் சோதினையிலை சரியாப் போடும்” என்று சிரிப்பார். ஆனால் வடக்குக் குறி போடாத படத்துக்கு இரக்கமே கிடையாது, புள்ளி வெட்டு.

சுண்ணக்கல் பாடம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பள்ளிக்கூட மதிலில் இருந்து கழன்ற ஒரு கல், விஞ்ஞான மாஸ்ரரிடம் இரந்து வாங்கிய ஐதரோக்குளோரிக் அமிலத்தில் இரண்டு சொட்டு. கல் நுரைத்துப் பொங்கியது. குடாநாடு முழுக்க இந்தக் கல்லின் மேல்தான் இருக்கிறது, மழைத்தண்ணீர் இதன் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே இருக்கிற உவர்த்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும் என்றார். வழுக்கையாற்றை விட்டால் சொல்லிக்கொள்ள ஆறு ஒன்றும் இல்லாத எங்களுக்கு, வடகீழ்ப் பருவக்காற்று ஏன் இவ்வளவு முக்கியம் என்று அன்றைக்கு விளங்கியது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வாட்டர் பம்புகள் நின்று துலாவும் கப்பியும் திரும்பி வந்த காலம் அது. “சண்டையாலை கிணத்துக்கு மட்டும் ஓய்வு” என்றார். வகுப்பு சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

மின்சாரம் 1990இலேயே போய்விட்டது. சாதாரணதரப் பரீட்சைப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு ரீச்சர் வீட்டு விறாந்தையில் நடந்தது, காசு வாங்கியதில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்குகள் இரண்டு. அந்த எண்ணெய் கூட்டுறவுச் சங்கக்கடையில் அந்த வீட்டுக்குக் கிடைத்த பங்கு என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. ஐயா, அதாவது ரீச்சருடைய கணவர், பேப்பர் வாசிக்காமல் நித்திரைக்குப் போகாத மனுசன். நாங்கள் போகும் காலத்தில் இருட்ட முன்னம் முற்றத்தில் நின்றபடியே வாசித்து முடித்துவிடுவார். படுக்கையில் கிடந்த மாமியாரைத் துடைத்து, சாப்பாடு தீத்திவிட்டுத்தான் ரீச்சர் விறாந்தைக்கு வருவார், சில நாள் கை ஈரமாகவே இருக்கும். சீனி இல்லாத நாட்களில் பனங்கட்டியோடு பிளேன்ரீ வரும். அதை ஊற்றுவதும் ஐயாதான். ஊரில் சிலர் அதற்கு ஒரு கதை கதைத்தார்கள், அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவர்களுடைய மூத்த மகள் எங்கள் வகுப்பு. பள்ளிக்கூடப் படலை தாண்டும்வரை அவளுக்கும் அவர் ‘ரீச்சர்’தான், அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று கட்டளை. ஒருநாள் குண்டு போடுகிற பொம்பர் விமானச் சத்தம் கேட்டு எல்லோரும் பங்கருக்கு, பதுங்குகுழிக்கு, ஓடினோம். ரீச்சர் வாசலில் நின்று ஒவ்வொருவராகத் தலையை அமத்தி உள்ளே விட்டுக்கொண்டிருக்க, கடைசியில் நின்ற மகள் அந்த நடுக்கத்திலும் “ரீச்சர், ரீச்சர்” என்றுதான் கத்தினாள். எங்கள் எல்லோரையும் விட்ட பிறகுதான் அவளை இழுத்துக்கொண்டு இறங்கினார். சத்தம் அடங்கி வெளியே வரும்வரை அவளுடைய கையை விடவேயில்லை.

இப்போது போனில் கதைத்தபோது அவளிடம் அதைச் சொன்னேன். “எனக்கு உங்களிலை நல்ல கோவம் இருந்தது, அம்மாவை முழுசா எங்களுக்குத் தரேல்லை நீங்கள்” என்றாள். பகிடியாகச் சொல்லவில்லை. நல்லாசிரியர் என்று மேடையில் பேசும்போது இந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் சொல்வதில்லை. அந்த வீட்டில் நாலு பேர் விட்டுக்கொடுத்ததைத்தான் நாங்கள் ரீச்சருடைய அர்ப்பணிப்பு என்கிறோம்.

இராணுவம் முன்னேற, சனம் ஒரே இரவில் ஊரை விட்டு வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வைப் பற்றி இந்த மலரில் வேறு பலர் எழுதுவார்கள். ஐயா தன் தாயாரைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்ட, பிள்ளைகள் உடுப்பு மூட்டைகளோடு நடக்க, ரீச்சரின் தோள்பையில் எங்கள் வகுப்பு வரவு இடாப்பு இருந்ததாம். பிறகு கொடிகாமம் பக்கம் கண்ட பிள்ளைகளின் பெயருக்கெல்லாம் அடையாளம் போட்டுக்கொண்டு திரிந்தார், என் பெயருக்கும் ஒரு மரத்தடியில் வைத்துத்தான் போட்டார். அடுத்த வருடம் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அலுமாரி இல்லை, அதற்குள் இருந்த படங்கள், பாடக்குறிப்புகள் ஒன்றுமே இல்லை.

அதனால் ரீச்சருடைய கையெழுத்தென்று அவருடைய சொந்தப் பிள்ளைகளிடம் இன்று பெரிதாக எதுவும் கிடையாது. எங்கள் பழைய கொப்பிகளில்தான் இருக்கிறது. கனடாவிலோ லண்டனிலோ யாரிடமாவது அப்படிக் கொப்பி, படம், ரிப்போர்ட் கார்ட் இருந்தால் ஒரு பிரதி எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள், நான் சேர்த்து மகளிடம் கொடுக்கிறேன். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. உங்கள் புள்ளியை மறைத்துவிட்டு அனுப்பினாலும் சரி, அவர் சிவப்புப் பேனையால் எழுதியதை மட்டும் மறைக்காதீர்கள்.