கால்க் அபி: பெட்டிக்குள் இருந்த பட்டு

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள கால்க் அபி மாளிகையைப் பற்றிப் படிக்கப் படிக்க ஆசை கூடுகிறது. 1622இல் ஹார்பர் குடும்பம் வாங்கிய இடம். இப்போதைய வீடு 1701–04இல் கட்டியது. எதையும் தூக்கிப்போட மனம் வராத பரம்பரை. அதில் வந்த வான்சி ஹார்பர் க்ரூ, பாடம் செய்த பறவைகளை அறை அறையாக நிரப்பினார், மோட்டார் காரை எஸ்டேட்டுக்குள் விடவே இல்லை. மின்சாரம் வந்ததே 1962இல்தான்!

1981இல் உரிமையாளர் இறந்ததும் வாரிசு வரி கழுத்தை நெரித்தது. 1985இல் வீடு, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்குப் போனது. அப்புறம் அந்த வீட்டில் இருந்த ஒரு கட்டில். 18ஆம் நூற்றாண்டுச் சீனப் பட்டுத் திரைகள், அத்தனையும் பூவேலை. பெட்டியிலேயே கிடந்து வெயில் படாததால் நிறம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. உரிந்த சுவர்த்தாளைக்கூட டிரஸ்ட் மாற்றாமல் அப்படியே காக்கிறது. அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம்.