மலைவேம்புக்கு நடுவே உளுந்து, அப்புறம் மஞ்சள்: மூன்றாம் வருட நிலவரம்

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் செம்மண் காட்டில், பிளைவுட்டுக்குப் போகும் மரமான மலைவேம்பு நட்டு இது மூன்றாவது வருடம். வரிசைக்கு வரிசை 15 அடி, மரத்துக்கு மரம் 10 அடி. இந்தக் கணக்கில் ஏக்கருக்கு 290 மரம் வரும். வரிசையைக் கிழக்கு மேற்காக ஓட்டியிருப்பதால், காலையிலும் மாலையிலும் மரத்தின் நிழல் பெரும்பாலும் மர வரிசைக்குள்ளேயே விழுந்துவிடுகிறது, இரண்டு வரிசைக்கு இடையில் இருக்கும் நடுச்சாலுக்கு நல்ல வெயில் கிடைக்கிறது. மரம் நடப்போகிறவர்கள் குழி எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

முதல் வருடம் ஆடிப்பட்டத்தில் வம்பன் 8 என்ற ரக உளுந்து போட்டேன். கன்றைச் சுற்றி மூன்றடி விட்டுத்தான் விதைப்பு. பூக்கும் சமயம் ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. அப்படி இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காய் பறித்த பிறகு செடியை அப்படியே மடக்கி உழுதுவிட்டேன். மரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த வருடமும் அதே உளுந்தை ஒரு சாலில் மட்டும் விதைத்துப் பார்த்தேன். நடுவில் இருந்தவை பரவாயில்லை. மரத்தை ஒட்டிய செடிகளோ வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக வளர்ந்தன. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, காய் ஒன்றிரண்டுதான். களை வெட்டும்போது மலைவேம்பின் வெள்ளைச் சல்லிவேர் மண்வெட்டியில் சிக்குகிறது. தண்ணீருக்கும் போட்டி தொடங்கிவிட்டது.

பர்மாவில் 19-ஆம் நூற்றாண்டில் தேக்குக் கன்றுகளுக்கு நடுவே மலைமக்கள் நெல் போட்ட டவுங்யா முறையில், நிழல் கட்டியதும் அவர்கள் வேறு இடம் போய்விடுவார்கள். நமக்கு இருப்பது இந்த ஒரு காடுதான், பயிரைத்தான் மாற்ற வேண்டும். அதனால் மற்ற சால்களில் வைகாசியிலேயே மஞ்சள் ஊன்றிவிட்டேன். அது அரை நிழலைத் தாங்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் வடபக்கம் நீளும். அந்தச் சமயத்தில் மலைவேம்பு இலையைக் கொட்டிவிடும். கிழங்கு பருக்கும் நேரத்தில் வெயிலும் கிடைக்கும், உதிர்ந்த இலை மண்ணைப் போர்த்தும் மூடாக்காகவும் ஆகும். இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சொட்டுநீர்க் குழாயை மரத்துக்குத் தனியாகவும் மஞ்சளுக்குத் தனியாகவும் போட்டிருக்கிறேன். மஞ்சளை அறுக்கும் முன் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கும், மரம் அதற்காகக் காயக்கூடாது இல்லையா.

பக்கக் கிளைகளை விரல் தடிமனிலேயே கழித்துவிடுகிறேன். தடித்த பிறகு வெட்டினால் கட்டையில் கணு விழும், பிளைவுட்டுக்கு எடுப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். கழித்த தழையை ஆடு விரும்பித் தின்கிறது. தை பிறந்ததும் மரத்தடியில் ஒரு பாத்தி, நடுச்சாலில் ஒரு பாத்தி என்று மஞ்சளைத் தனித்தனியாகத் தோண்டி எடை போடப் போகிறேன். நான்காம் வருடம் மரத்திலிருந்து எத்தனை அடி தள்ளி ஊன்றுவது என்பதை அந்த எடையை வைத்துத்தான் முடிவு செய்வேன்.