நாலு மெயில் ஐடி, ஒரே தண்டர்பேர்டு

என்னிடம் இருப்பது நாலு மெயில் ஐடி: சொந்த ஜிமெயில், தொழிலுக்கென்று டொமைன் வாங்கிப் போட்ட ஆபீஸ் மெயில், பேங்கிலும் பாலிசியிலும் பதிந்து கிடப்பதால் விட முடியாத பழைய யாஹூ, அப்பார்ட்மென்ட் சங்கச் செயலாளர் பொறுப்போடு கைக்கு வந்த இன்னொரு ஜிமெயில். பிரவுசரில் ஒவ்வொரு டேபாக எட்டிப் பார்த்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் லேப்டாப்பில் தண்டர்பேர்டுக்குள் கொண்டுவந்தேன். மெயில் படிக்கவும் அனுப்பவும் உதவும் இலவச மென்பொருள் அது, 2004-லேயே முதல் பதிப்பு வந்துவிட்டது. இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: மெயில் ஒரே இடத்தில் வந்து விழுவது சுலபம், பதில் சரியான ஐடியிலிருந்து போவதற்குத்தான் மெனக்கெட வேண்டும்.

ஜிமெயில் இரண்டும் சட்டென்று சேர்ந்துவிட்டன. ஐடியைக் கொடுத்ததும் கூகுளின் லாகின் ஜன்னல் திறக்கும், அனுமதி கொடுத்தால் முடிந்தது. செட்டிங்ஸில் போய் ஐமேப்பை (மெயிலை சர்வரிலேயே வைத்துக்கொண்டு பல கருவிகளில் பார்க்க வைக்கும் முறை) ஆன் செய்யும் வேலை இப்போது கிடையாது, எப்போதும் ஆனில்தான் இருக்கும். யாஹூவும் ஏறக்குறைய அப்படியே. முரண்டு பிடித்தது ஆபீஸ் மெயில். டொமைன் பெயருக்கு முன்னால் 'மெயில்' என்று சேர்த்து சர்வர் பெயராகப் போட்டால், சர்டிபிகேட், அதாவது சர்வரின் அடையாளச் சான்று, வேறு பெயரில் இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது. ஒரே சர்வரில் பல பேரின் டொமைன்கள் குடியிருக்கும் மலிவு விலை ஹோஸ்டிங்கில் இது சகஜம். பரவாயில்லை என்று அமுக்கிவிட்டுப் போகத் தோன்றும், போகாதீர்கள். ஹோஸ்டிங்காரரிடம் சர்வரின் உண்மையான பெயரைக் கேட்டு வாங்கிப் போட்டேன், எச்சரிக்கை நின்றது. போர்ட் எண், மெயில் உள்ளே வர 993, வெளியே போக 465, இரண்டுக்கும் எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்புக் குறியாக்கம். யூசர் நேம் என்ற இடத்தில் முழு மெயில் ஐடி.

மெயிலை ஒரு கருவிக்குள் இறக்கி வைக்கும் பாப் முறை வேண்டாம், ஐமேப்தான். போனிலும் லேப்டாப்பிலும் ஒரே நிலவரம் தெரிய அது ஒன்றே வழி. ஆனால் ஐமேப்பில் லேப்டாப்பில் அழித்தால் சர்வரிலும் அழியும், அதை பேக்கப் என்று நினைத்துவிடக் கூடாது.

இனி அந்த மெனக்கெடல். தண்டர்பேர்டில் ஒவ்வொரு ஐடிக்கும் 'அவுட்கோயிங் சர்வர்', அதாவது மெயிலை வெளியே அனுப்பும் சர்வர், என்று தனியாக ஒன்று உண்டு. அக்கவுன்ட் செட்டிங்ஸில் ஐடியைத் தொட்டால் அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும், பலர் அதுவரை உருட்டிப் பார்ப்பதே இல்லை. ஆபீஸ் ஐடிக்கு அங்கே தவறி ஜிமெயிலின் சர்வர் நின்றால் மெயில் என்னவோ போய்விடும், ஆனால் ஜிமெயில் சும்மா இருக்காது: அந்த ஆபீஸ் முகவரியை ஜிமெயிலில் நாம் ஏற்கெனவே உறுதிசெய்து சேர்த்திருக்காவிட்டால், அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியை மாற்றி வைத்துவிடும். கோட்டேஷன் கேட்ட வாடிக்கையாளருக்கு நம் சொந்த ஐடியிலிருந்து பதில் போய் நிற்கும், அவர் அடுத்த மெயிலை அதற்கே போடுவார், பிறகு அந்தப் பேச்சு முழுக்க அங்கேயே ஓடும். அதனால் நாலு ஐடிக்கும் நாலு சர்வரையும் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் மற்றதற்கு ஒரு சோதனை மெயில் அனுப்பிய பிறகுதான் நிஜ வேலையைத் தொடங்கினேன்.

இன்னொன்று. வந்த மெயிலுக்கு ரிப்ளை கொடுத்தால் அது எந்த ஐடிக்கு வந்ததோ அதிலிருந்தே போகும், கவலையில்லை. புதிதாக எழுதும்போதுதான் வில்லங்கம். எல்லா இன்பாக்ஸையும் ஒன்றாகக் காட்டும் 'யுனிஃபைட் ஃபோல்டர்ஸ்' பார்வையில் இருந்துகொண்டு எழுதத் தொடங்கினால் டீஃபால்ட் ஐடியை எடுத்துக்கொள்ளும். நான் ஆபீஸ் ஐடியை டீஃபால்ட் ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்துவிட்டேன். எழுதும் ஜன்னலில் அனுப்புநர் பெயர் பக்கத்திலேயே அந்த நிறம் தெரியும். சங்கத்துக்குப் பச்சை. பராமரிப்புக் கட்டண பாக்கிப் பட்டியல் ஆபீஸ் ஐடியிலிருந்து போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், நிறத்தின் அருமை புரியும்.

ஜிமெயில் வைத்திருப்பவர்கள் எல்லா மெயிலும் சேர்ந்து கிடக்கும் 'ஆல் மெயில்' ஃபோல்டரையும் கவனிக்க வேண்டும். இன்பாக்ஸில் உள்ளதே அதிலும் இருப்பதால் டிஸ்க்கில் இரட்டிப்பு இடம் போகும். பிரவுசரில் ஜிமெயில் செட்டிங்ஸ், லேபிள்ஸ் பக்கத்தில் அதற்கு நேரே 'ஷோ இன் ஐமேப்' டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

அப்புறம் பிரைமரி பாஸ்வேர்டு, தண்டர்பேர்டு சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளுக்கெல்லாம் போடும் ஒரே பூட்டு. அது வைக்காவிட்டால், லேப்டாப்பைத் திறக்கத் தெரிந்த எவரும் தண்டர்பேர்டு செட்டிங்ஸில் போய் சேமித்த பாஸ்வேர்டுகளை அப்படியே படித்துவிடலாம். வீட்டில் பிள்ளைகளும் தொடும் லேப்டாப் என்பதால் முதல் நாளே வைத்துவிட்டேன்.

போனுக்கும் தண்டர்பேர்டு உண்டு, ஆண்ட்ராய்டில் 2024-இல் வந்தது, கே-9 மெயில் என்ற பழைய மெயில் ஆப்பின் அடித்தளத்தில் கட்டியது. லேப்டாப் திரையில் வரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் எல்லா ஐடியும் அதில் ஏறிவிடும். ஜிமெயிலுக்கும் யாஹூவுக்கும் மறுபடி லாகின் செய்யச் சொல்லும். போனில் யாஹூவுக்கும் சங்கத்துக்கும் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டேன், தண்ணீர் மோட்டார் புகார்களெல்லாம் எப்படியும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன.