உப்புக் கரைசலில் தெரிந்த பிழை

என் எம்எஸ்சி ஆய்வு மஞ்சளில் உள்ள குர்குமின் பற்றியது. அது தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். சாப்பிட்டாலும் இரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. அதைப் பொலிமரும் கொழுப்பும் சேர்ந்த கலப்பு நனோ துணிக்கைக்குள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகளுக்குள், வைக்க வேண்டும். உள்ளே பிஎல்ஜிஏ என்ற பொலிமர், சுற்றி லெசித்தின் என்ற லிப்பிட்டின் (கொழுப்பின்) படலம், வெளியே பெக் என்ற நீர்விரும்பும் பொலிமர் இழைகள். பொலிமர் மருந்தைப் பிடித்து வைத்து மெல்ல விடும். பிறகு உடம்பிலேயே லாக்டிக், கிளைக்கோலிக் அமிலங்களாக உடையும். பெக், அந்நியப் பொருட்களை விழுங்கும் உடம்பின் கலங்களிடமிருந்து துணிக்கையைக் கொஞ்ச நேரம் காக்கும்.

அது 2022. இலங்கையின் டொலர் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது 1 கிராம் பிஎல்ஜிஏ. ஈரம் பட்டால் கெட்டுவிடும், மைனஸ் 20 பாகையில் வைக்க வேண்டும். மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது, வெள்ளவத்தையில் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி ரெஜிபோம் பெட்டியில் போட்டுக் காப்பாற்றினேன். கரண்ட் வந்ததும் போத்தலைத் திறக்கப் போனேன். ஆய்வுகூட அண்ணா தடுத்தார். "தங்கச்சி, குளிரோட திறக்காதீங்க. காத்தில இருக்கிற தண்ணி எல்லாம் உள்ள படிஞ்சிடும்." கொழும்பின் புழுக்கத்தில் அது உண்மைதான். அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்தேன்.

செய்முறை எளிது. லெசித்தினும் பெக் லிப்பிட்டும் 4 வீத எதனோல் கலந்த நீரில், 65 பாகையில். பிஎல்ஜிஏயும் குர்குமினும் அசிற்றோனைட்ரைல் என்ற கரைப்பானில். இதை அதற்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு மணி நேரம் கலக்க வேண்டும். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும் என்பதால் குடுவைக்கு அலுமினியத் தாள் சுற்றினேன்.

முதல் தடவையே தெளிவான மஞ்சள் கரைசல் வந்தது. அவ்வளவு சந்தோஷம்! ஆனால் உடம்பின் உப்பளவுள்ள பொஸ்பேட் கரைசலில் விட்டதும், மறுநாள் எல்லாம் அடியில் படிந்து கிடந்தது. மூன்று தடவையும் அப்படியே. நல்ல தண்ணீரில் துணிக்கைகளின் மின்னேற்றமே அவற்றை ஒன்றையொன்று தள்ளி வைத்திருக்கிறது. உப்பு அந்தத் தள்ளலை மழுங்கடித்துவிடும். பிறகு அவற்றைப் பிரித்து வைக்க வேண்டியது லெசித்தின் படலமும் பெக்கும்தான். என் லெசித்தின் பொலிமரை முழுதாக மூடவில்லை, அதுதான் காரணம். பொலிமர் எடையில் 5 வீதமாக இருந்த லிப்பிட்டை 15 வீதமாக்கினேன். அதற்கு மேல் கூட்டப் பயமாக இருந்தது. மிஞ்சும் லிப்பிட் தனியாக லிப்பொசோம்கள் என்ற வெறும் கொழுப்புக் குமிழ்களாகிவிடும்.

இந்தத் தடவை உப்புக் கரைசல் மறுநாளும் தெளிவாக இருந்தது. ஐந்து நாள் விட்டுப் பார்த்தேன், படியவில்லை. அப்புறம்தான் மருந்து வெளியேறும் வேகத்தை அளக்க, துணிக்கையை உள்ளே நிறுத்தி மருந்தை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையை எடுத்தேன், 37 பாகையில், மின்வெட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.