தம்பிக்குச் சட்டமா, எஞ்சினியரிங்கா: பாடாங் செராய் நாட்குறிப்பு

24 ஏப்ரல் 2025, வியாழன்

தம்பியின் எஸ்.பி.எம். முடிவு, அதாவது ஐந்தாம் படிவத் தேர்வு முடிவு, வந்துவிட்டது. எட்டு ஏ! அம்மா கரண்டியும் கையுமாக வாசலுக்கே ஓடிவந்தார். அப்பா செம்பனை மில்லில் காலை ஷிப்ட். போனில் சொன்னதும், பாய்லர் இரைச்சலுக்கு நடுவே, "அப்போ எஞ்சினியர்தானே?" என்றார். தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்குச் சட்டம் படிக்க ஆசை. வீட்டில் எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

26 ஏப்ரல், சனி

கோயில் மண்டபத்தில் ஒரு தனியார் கல்லூரிக்காரர் மேசை போட்டிருந்தார். இன்றே 500 வெள்ளி கட்டினால் இடம் உறுதியாம். சட்டப் படிப்புத் தாளை எடுத்து, "முடித்த பிறகு வக்கீலாக சி.எல்.பி. தகுதித் தேர்வு எழுதணுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், தங்கச்சி."

அப்புறம் பார்க்கிற விஷயமா அது? மலாயாப் பல்கலைக்கழகத்திலோ, நம் கெடாவிலேயே சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா பல்கலைக்கழகத்திலோ எல்.எல்.பி. சட்டப் பட்டம் முடித்தால் அந்தத் தேர்வே வேண்டாம். தனியார் பட்டம் என்றால் பெரும்பாலும் எழுதியாக வேண்டும். ஐந்து தாள். அதில் மாட்டிக்கொண்டு வருடங்களைத் தொலைத்தவர்கள் உண்டு.

இன்னொரு தாளில் 'பொறியியல் தொழில்நுட்பம்' என்று போட்டிருந்தது. நல்ல படிப்புதான், வேலையும் கிடைக்கும். ஆனால் அது தொழில்நுட்பவியலாளர் வாரியத்தில் பதிவதற்கான வழி. பொறியாளர் வாரியத்தில் பதிந்து, பின்னாளில் நிபுணத்துவப் பொறியாளர் ஆக வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் வேண்டும். கூலிம் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவர் ஒருவருக்கு, நான்கு வருடம் படித்து முடித்த பிறகுதான் இந்த வித்தியாசம் தெரிந்தது. மண்டபத்தில் பணத்தோடு வரிசையில் நின்ற அம்மாக்களிடம் போய்ப் போய்ச் சொன்னேன். இரண்டு பேர் கட்டாமல் திரும்பினார்கள்.

1 மே, வியாழன்

தொழிலாளர் தினம், அப்பாவுக்கு லீவு. சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார். "இருபத்திரண்டு வருசமா பாய்லர் கண்ணாடிக் குழாயில தண்ணி மட்டத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். கோளாறுன்னா எஞ்சினியர் வந்து கையெழுத்துப் போடுவாரு. அந்தக் கையெழுத்த எம்புள்ள போடணும்."

அப்பா ஆசைப்படுவதில் தப்பே இல்லை. கூலிமில் வேலை இருக்கிறது. 1996-இல் திறந்த ஹைடெக் பார்க் தொழிற்பேட்டை இன்னும் வளர்கிறது. இன்ஃபினியன் என்ற ஜெர்மன் சில்லு நிறுவனம் 2024-இல் சிலிக்கன் கார்பைடு சில்லுக்கென்றே புது ஆலை திறந்தது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்புக்குப் பெண்டாங்கில் பொறியியல் மெட்ரிகுலேஷன் கல்லூரியும் இருக்கிறது. தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

3 மே, சனி

இன்று தம்பி பாட்டியின் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு பழைய கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தான். 1998. நான்காக மடித்தது, மடிப்பில் கிழிந்துவிட்டது. முழுக்க இங்கிலீஷ். அடியில் ஊதா மையில் பாட்டியின் கட்டைவிரல் ரேகை. பாட்டி இருந்த தோட்டத்தை விற்றபோது, போனஸ் பணத்துக்கென்று நினைத்துப் பாட்டி வைத்த கைநாட்டு. லயத்து வீட்டை 30 நாளில் காலி செய்யச் சம்மதம் என்றுதான் அதில் இருக்கிறது. அப்போது அப்பாவுக்குப் பினாங்கு பக்கம் பிறை என்ற ஊரில் வேலை, படித்துச் சொல்ல ஆளில்லை.

தம்பி ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினான். பதின்மூன்று வயதில் அவனே அகராதியை வைத்துப் படித்திருக்கிறான். அப்பா அந்த ரேகையைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

10 மே, சனி

கூலிமில் நம் தோட்டத்து அக்கா ஒருவர் வக்கீலாக இருக்கிறார். மூவரும் போனோம். ஒளிக்காமல் பேசினார். பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. ஏழு வருடமாவது தொழில் செய்த வக்கீலிடம் ஒன்பது மாதம் சேம்பரிங், அதாவது தொழிற்பயிற்சி, இருக்க வேண்டும். அந்த மாதங்களில் கையில் வருவது சொற்பம். வக்கீல் அலுவலகம் பிடிக்காவிட்டால் அரசாங்கச் சட்டச் சேவை, வங்கி, தொழிற்சாலைகளின் ஒப்பந்தப் பிரிவு என்று வேறு வழிகளும் இருக்கின்றன. "முதலில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிவம் 6-இல் சேர், மூன்று செமஸ்டர், செலவும் அதிகம் இல்லை. மலாயும் இங்கிலீஷும் நன்றாக வர வேண்டும்" என்றார் தம்பியிடம்.

வெளியே வந்ததும் அப்பா தலைக்கவசத்தை மாட்டாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"படிவம் ஆறுக்குப் போக காலையில பஸ்ஸு எத்தனை மணிக்கு?"