பேட்ச் புதுசு, பேங்க் ஆப்புக்குத்தான் பிடிக்கவில்லை

அம்மாவின் போன் 2019-இல் வாங்கியது. செட்டிங்ஸில் ‘சிஸ்டம் அப்டேட்’டைத் தொட்டால், லேட்டஸ்ட் வெர்ஷன்தான் இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லும். ‘அபௌட் போன்’ பக்கத்தில் செக்யூரிட்டி பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், எந்தத் தேதியது என்று பார்த்தால் 2021. இரண்டும் உண்மைதான். அந்த மாடலுக்குக் கம்பெனி கடைசியாக அனுப்பியது அதுதான். இனி வரப்போவதும் இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, “அந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சு சார், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் பத்திச் சொல்லட்டுமா?” என்றார்கள்.

ஆண்ட்ராய்டுக்கு மாதாமாதம் பேட்ச் வெளியிடும் வழக்கமே 2015 ஆகஸ்டில்தான் தொடங்கியது. ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை அப்போது வெளியே தெரியவந்து பெரிய கலவரமாகியிருந்தது. ஏடாகூடமான ஒரு எம்எம்எஸ் வந்து சேர்ந்தாலே போதும், நாம் திறக்கக்கூட வேண்டாம், போனுக்குள் ஆள் புகுந்துவிடலாம் என்ற நிலை. கூகுள் பேட்சை வெளியிட்டாலும் நேராக நம் கைக்கு வந்துவிடாது. சிப் செய்யும் குவால்காமோ மீடியாடெக்கோ தங்கள் பங்கைச் செய்ய வேண்டும், அப்புறம் போன் கம்பெனி அதைத் தன் மாடலுக்கு ஏற்ப மாற்றி, சோதித்து அனுப்ப வேண்டும். நடுவில் ஒருத்தர் கைவிட்டால் அதோடு சரி.

“நல்லாத்தானேடா ஓடுது, இதுக்கு என்ன இப்போ?” என்றார் அம்மா. ஓடுவது நிஜம். பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தோம், திரையில் ஒரு கீறல் இல்லை. தூக்கிப்போட மனசு வரவில்லை. லீனியேஜ் ஓஎஸ் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். கம்பெனிகள் கைவிட்ட போன்களுக்குத் தன்னார்வலர்கள் ஆண்ட்ராய்டைத் தொடர்ந்து கட்டிக் கொடுக்கும் திட்டம் அது. சயனோஜென்மாட் 2016 கடைசியில் மூடப்பட்டபோது அதன் வாரிசாக வந்தது. எல்லா மாடலுக்கும் கிடையாது. அவர்களுடைய தளத்தில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பெட்டியில் போட்டிருக்கும் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று விதமான போன்கள் விற்றிருப்பார்கள். மாடல் நம்பரையும், கம்பெனி அந்த மாடலுக்கு உள்ளுக்குள் வைத்திருக்கும் கோட்நேமையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

போனை ஆன் செய்ததும் ஓஎஸ்ஸை எழுப்பிவிடும் சின்ன மென்பொருள்தான் பூட்லோடர். வேறு ஓஎஸ் ஏறாதபடி அதைக் கம்பெனி பூட்டி வைத்திருக்கும். அந்தப் பூட்டைத் திறப்பதுதான் முதல் கட்டம். பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும், அதில் பூட்டைத் திறக்க அனுமதிக்கும் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’கை இயக்க வேண்டும். அதன் பிறகும் எங்கள் போன் கம்பெனி ஒரு வாரம் காத்திருக்கச் சொன்னது. பூட்டைத் திறந்த உடனே போனில் இருப்பது மொத்தமும் அழிந்துவிடும் என்பதால் அந்த ஒரு வாரத்தில் போட்டோ, காண்டாக்ட், வாட்ஸ்ஆப் பேக்கப் எல்லாம் எடுத்து முடித்தேன்.

அப்புறம் லேப்டாப்பில் கேபிளைச் செருகி, ஃபாஸ்ட்பூட் என்ற கருவியால் ரிக்கவரியை (ஓஎஸ்ஸைப் போட்டுக்கொடுக்கும் சின்ன மென்பொருளை) ஏற்றி, ஏடிபி என்ற இன்னொரு கருவியின் ‘சைட்லோட்’ கட்டளையில் ஓஎஸ்ஸை அனுப்ப வேண்டும். அனுப்பும்போது லேப்டாப் திரையில் 47 சதவீதத்தில் நின்றுவிடும். கூடவே ‘ஃபெயில்டு’ என்று ஆரம்பித்து ‘சக்சஸ்’ என்று முடியும் ஒரு விசித்திர வரி. அது பிழை இல்லை, அப்படியும் வரும் என்று அவர்களுடைய வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். படிக்காதவர்கள் அந்த நேரத்தில் பதறிப்போய்க் கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் அதற்கான தொகுப்பையும் முதல் தடவை பூட் ஆவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும்.

போன் எழுந்தது. பேட்ச் தேதி அந்த மாதத்தது. ஆனால் அதே பக்கத்தில் ‘வெண்டார் செக்யூரிட்டி பேட்ச்’ என்று இன்னொரு வரி, அதில் அதே பழைய 2021. ஆண்ட்ராய்டு பக்கத்து ஓட்டைகளைத் தன்னார்வலர்கள் அடைக்கலாம். சிக்னலைப் பிடிக்கும் மோடம், வைஃபை சிப் ஆகியவற்றுக்குள் ஓடும் மென்பொருள் சிப் கம்பெனி கொடுத்தால்தான் உண்டு. மேல்மாடிக்கு வெள்ளையடித்தாயிற்று, அஸ்திவாரம் பழசுதான்.

அடுத்தது பேங்க் ஆப். திறந்ததும் “இந்தச் சாதனம் பாதுகாப்பானதல்ல” என்று சொல்லி மூடிக்கொண்டது. யுபிஐ ஆப்பும் அப்படியே. நான் ரூட் செய்யவே இல்லை, அதாவது போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுக்கவே இல்லை. பூட்லோடர் திறந்திருப்பதே போதும், போனில் யாரும் கை வைக்கவில்லையா என்று ஆப்புகளுக்காகப் பார்த்துச் சொல்லும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் தேறாது. திறந்த பூட்லோடரில் யார் எதை ஏற்றினார்கள் என்று வங்கிக்குத் தெரியாது, அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் 2021-க்குப் பிறகு ஒரு பேட்சும் பார்க்காத போனில் அதே ஆப் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததே, அதை என்னவென்று சொல்வது? பூட்டு உடைபட்டதா என்று பார்க்கிறார்கள், பூட்டு துருப்பிடித்ததா என்று பார்ப்பதில்லை. சோதனையை ஏமாற்ற மாட்யூல்கள் என்ற கூடுதல் மென்பொருள்கள் உண்டு. யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றைப் பணம் புழங்கும் போனில் போடுவதற்கு, பழைய பேட்சோடே இருந்துவிடலாம்.

ஆகவே வேலையைப் பிரித்தேன். அம்மாவின் சிம், வங்கி, யுபிஐ எல்லாம் ஒரு புது போனுக்குப் போயின. பழையது வீட்டு வைஃபையில் யூடியூப், சமையல் வீடியோ, பேரன் பேத்தியோடு வீடியோ கால் என்று இருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் (ஆப்பை நிறுவும் ஃபைல் அது) திறந்து, எஸ்எம்எஸ் படிக்க நாமே அனுமதி கொடுத்தால் எந்த மாதத்துப் பேட்சும் காப்பாற்றாது. அதை அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து சொன்னேன், பேட்சைவிட அதுதான் உபயோகம்.

வீட்டில் ஆண்ட்ராய்டு 6 டேப்லெட் ஒன்றும் கிடக்கிறது. லீனியேஜ் பட்டியலில் இல்லை. பல தளங்கள் அதில் சான்றிதழ் பிழை காட்டும். தளங்கள் உண்மையானவைதான் என்று இலவசமாகச் சான்றிதழ் தரும் அமைப்பு லெட்ஸ் என்கிரிப்ட். அதன் எல்லாச் சான்றிதழுக்கும் அடிப்படையான புதிய மூலச் சான்றிதழை 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு அறியாது, அதற்காகச் செய்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்துபோனது. கூகுள் கணக்கை எடுத்துவிட்டு, மெமரி கார்டில் பாட்டு போட்டுக் கொடுத்துவிட்டேன்.

புது போன் வாங்கும்போது கடைக்காரரிடம் எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும் என்று கேட்டேன். ரேமையும் கேமராவையும் பற்றிச் சொன்னார். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு ஏழு வருஷம் என்று அறிவித்திருக்கிறார்கள். விலை குறைந்த மாடல்களில் அது வெகுவாகக் குறையும். இந்தக் கணக்கு பொதுவாக மாடல் வெளியான நாளிலிருந்துதான், நாம் வாங்கிய நாளிலிருந்து இல்லை. தள்ளுபடியில் வரும் போன வருஷத்து மாடலில் ஒரு வருஷம் ஏற்கெனவே கழிந்திருக்கும். அதனால் விலை கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்று அப்போதுதான் வந்திருந்த மாடலையே வாங்கினேன்.