உப்புக்காற்றில் பழைய எஞ்சினுக்கு எந்தப் பெயின்ட்?

திருகோணமலையில் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குப் பெயின்ட் தெரிவு செய்யும்போது மினுக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பாகம் எவ்வளவு சுடும், உப்பு எந்த வழியால் உள்ளே போகும் என்ற இரண்டும்தான் முதலில்.

பளபளவென்று பொலிஷ் பண்ணிய அலுமினியத்துக்கு மேல் கிளியர் லாக்கர் அடிப்பது இந்த ஊருக்குச் சரிவராது. கவர் இறுக்கும் ஸ்க்ரூவின் தலையடியில் லாக்கர் ஒரு நூலளவு வெடித்தாலே போதும். உப்பு ஈரம் அதற்குள் இறங்கி, லாக்கருக்குக் கீழே வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரிக் கோடு கோடாகப் பரவும். பிறகு முழுவதையும் உரித்தே ஆகவேண்டும். பொலிஷ்தான் வேண்டுமென்றால் லாக்கர் இல்லாமல் விட்டு மெழுகு பூசுங்கள். மங்கினால் திரும்பத் தேய்க்கலாம். தினமும் ஓடுகிற வண்டிக்குச் சில்வர் பெயின்ட்தான் என் தெரிவு.

எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸும் பக்கக் கவர்களும் பெரும்பாலும் 100 பாகை செல்சியஸை அண்டித்தான் சுடும். அதற்கு நல்ல 2கே பெயின்ட் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) தாங்கும், பெட்ரோல் சிந்தினாலும் கரையாது. சிலிண்டரும் ஹெட்டும் 150, 200 பாகை வரை போகும். அங்கே எஞ்சின் எனாமல், அதாவது எஞ்சின் சூட்டைத் தாங்கும் பெயின்ட் வேண்டும். "600 பாகை தாங்கும்" என்று எழுதியிருக்கும் சைலன்சர் பெயின்ட்டை வாங்கி இதற்கு அடிக்காதீர்கள். அது நன்றாக வெந்தால்தான் இறுகும், சிலிண்டரில் அந்தளவு சூடு வராது. இறுகாத பெயின்ட் பெட்ரோல் பட்டவுடன் வழியும். பி.எஸ்.ஏ. பான்டம் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகளின் வார்ப்பிரும்புச் சிலிண்டருக்குக் கறுப்பு நல்லது, மெல்லிய கறுப்பு சூட்டையும் நன்றாக வெளிவிடும். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) தடிப்பாக ஏறுவதால் ஃபின்களில், அதாவது சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்த்தகடுகளில், சூட்டை அடக்கிவைக்கும்.

பெயின்ட் உரிந்துபோவதற்கு அநேகமாக அடியில் தங்கிய எண்ணெய்தான் காரணம். முதலில் மண்ணெண்ணெயும் பிரஷும், அடுத்து பாத்திரம் கழுவும் சோப், கடைசியில் தின்னர். கோஸ்டிக் சோடா பக்கமே போகவேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் குழாய்த் தண்ணீரால் அலசுங்கள். ஒரு வெள்ளைச் சீலைத் துண்டைக் கீலமாகக் கிழித்து, தின்னரில் நனைத்து, ஃபின்களின் அடிவரை விட்டு இழுத்துப் பாருங்கள். மஞ்சளாக வந்தால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணல் அடித்துச் சுத்தம் செய்வது) செய்வதானால் எஞ்சினை முழுதாகக் கழற்றி, எண்ணெய் வழிகளை இறுக அடைத்துவிட்டுத்தான். உள்ளே தங்கும் ஒரு சிட்டிகை மணலே பெயரிங்கை அரித்துவிடும்.

சுத்தமான உலோகத்தை இரவு முழுக்க வெளியே வைத்தால் கடற்காற்று அதில் உப்பைப் படியவைக்கும். கழுவிய அன்றே அடியுங்கள். மாரியில் வேண்டாம், ஈரக்காற்றில் சில பெயின்ட்கள் பால் மாதிரி வெளுக்கும். கச்சான் வீசத் தொடங்கினால் தூசி ஒட்டும். மாசி, பங்குனியில் பனி உலர்ந்த காலைப்பொழுதுதான் தோது.

கேஸ்கெட் முகம், எர்த் வயர் பூட்டும் இடம், சிலிண்டர் நட்டுகளின் வாசர் உட்காரும் வட்டம் எல்லாவற்றையும் டேப்பால் மூடுங்கள். வாசருக்குக் கீழே பெயின்ட் இருந்தால் சூட்டில் அது நசிந்து நட்டு இளகும், பிறகு கேஸ்கெட் கசியும். ஃபின் அடிகளை முதலில் நான்கு பக்கமும் சரித்து அடித்துவிட்டு வெளி முகத்துக்கு வாருங்கள். மெல்லியதாக இரண்டு, மூன்று பூச்சு போதும். அடுத்த பூச்சுக்கு டின்னில் போட்ட இடைவெளி தப்பினால் பெயின்ட் சுருங்கும்.

எனாமலுக்கு வேகவைப்பு முக்கியம். டின்னில் பொதுவாக 90 பாகையில் ஒரு மணி நேரம் என்றிருக்கும். சமைக்கிற ஒவன் கூடாது, ஆவி நஞ்சு. ஒவன் இல்லையென்றால் எஞ்சினைப் பூட்டிச் சில நிமிடம் ஓடவிட்டு, முழுதாக ஆறவிட்டு, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்களை அலுமினியத்தில் பூட்டும்போது மரைகளில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) பூசுங்கள். இல்லாவிட்டால் உப்பு இரண்டையும் பிணைத்துவிடும், அடுத்த முறை கழற்றும்போது கேஸின் மரையும் சேர்ந்து வரும்.